எங்கே அந்தத் திருப்புமுனை?

(பதினோராம் வகுப்புக் கணிதப் பிரிவு மாணவியர்)



‘திருப்புமுனை’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் எழுந்து, “என் வாழ்வின் திருப்புமுனை...” என்று தொடங்குவார், நாமும் கைதட்டுவோம். திரைப்படத்தில் இடைவேளைக்குச் சற்று முன் வருவதும் அதுவே. நாங்கள் இங்கே எழுதப் புகுவது அவ்வளவு பெரிய திருப்புமுனையைப் பற்றி அன்று. வரைபடத்தாளில் ஒரு கோடு இறங்கி வந்து, ஓரிடத்தில் சட்டென்று திரும்பி, மறுபடி ஏறுகிறதே, அந்தச் சிறு முனையைப் பற்றியே எழுதுகிறோம். சிறு முனைதான், ஆனால் காலாண்டுத் தேர்வில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் காலில் குத்திய முனை!

(ஆறாம் வகுப்புத் தங்கையர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். இது தமிழ்ப் பகுதி ஆகையால் ஆங்கில எழுத்துக்களை விட்டுவிட்டு, பக்கவாட்டில் நகரும் எண்ணுக்கு ‘ப’ என்றும், மேலும் கீழும் செல்லும் எண்ணுக்கு ‘ம’ என்றும் பெயர் வைத்துக்கொள்கிறோம்.)

நடந்தது இதுதான். ம = |2ப − 3| என்பதன் வரைபடம் வரைக என்று ஒரு வினா. இரு பக்கமும் கம்பி நட்டதுபோல் நிற்கும் அந்தக் குறிக்கு ‘மட்டு’ என்று பெயர். உள்ளே வரும் எண் குறையெண்ணாக இருந்தால் குறைக் குறியை நீக்கிவிட வேண்டும். மிகையெண்ணாக இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். இது எங்களுக்குத் தெரியும். நாங்களும் வழக்கம்போல் அட்டவணை போட்டோம். ப-வுக்கு −1, 0, 1, 2, 3, 4 என்று கொடுத்தோம். ம-வுக்கு 5, 3, 1, 1, 3, 5 என்று வந்தது. ஒரு பிழையும் இல்லை. புள்ளிகளைக் குறித்தோம், அளவுகோலை வைத்தோம், இணைத்தோம். இடப்பக்கம் இறங்கி வந்த கோடு 1-இல் தரையைப் போல மட்டமாகி, 2 வரை நேராகச் சென்று, பிறகு ஏறியது. பார்ப்பதற்கு அடி தட்டையான அண்டா போல அழகாகவே இருந்தது.

விடைத்தாள் வந்தபோது அந்த அண்டாவின் அடியில் சிவப்பு மையால் ஒரு வட்டம். திருப்புமுனை (1½, 0) என்பதே சரி. வரைபடம் கூர்மையான முனையோடு தரையைத் தொட்டிருக்க வேண்டும்.

எங்களுள் ஒருத்தி, பெயரைச் சொல்ல வேண்டாம், விடைத்தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குச் சென்றாள். “சிஸ்டர், நான் போட்ட புள்ளி எல்லாம் சரிதானே?” என்று கேட்டாள். “சரிதாம்மா” என்றார் சிஸ்டர். “பிறகு எப்படி சிஸ்டர் படம் தப்பாகும்?” அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று மாலை அவள் எங்களிடம், இனி கணிதப் பிரிவு வேண்டாம், வணிகவியலுக்கு மாற்றிக் கேட்கப் போகிறேன் என்றாள். மதிப்பெண் போனதற்காக அல்ல. “செய்ததெல்லாம் சரி, வந்தது மட்டும் தப்பு என்றால், அதை எப்படியடி நம்பிப் படிப்பது?” என்றுதான் கேட்டாள். எங்களிடம் மறுமொழி இல்லை. அவள் கேள்வியை வைத்துக்கொண்டு பல நாள் உணவு இடைவேளைகளில் பேசியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். மட்டுக் குறி உள்ள வரைபடத்துக்கு அட்டவணையை முதலில் போடுவது தலைகீழான வேலை. திருப்புமுனையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதன் இரு புறமும்தான் அட்டவணை அமைக்க வேண்டும். அந்த முனையைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் எதுவும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கம்பிகளுக்கு உள்ளே இருப்பது எப்போது சுழியமாகும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

ஏன் அந்தக் கேள்வி? மட்டு என்பது குறியை நீக்கும் வித்தை மட்டும் அன்று. அது தொலைவு. தேவாலயத்திலிருந்து பேருந்து நிலையம் இரண்டு கிலோமீட்டர் என்றால், பேருந்து நிலையத்திலிருந்து தேவாலயமும் இரண்டு கிலோமீட்டர்தான். எவரும் ‘குறை இரண்டு கிலோமீட்டர்’ என்று சொல்வதில்லை. |ப − 3| என்றால் 3 என்னும் இடத்திலிருந்து ப நிற்கும் தொலைவு. அவ்வளவே. இந்தக் கம்பிக் குறியைக் கணிதத்துக்குக் கொடுத்தவர் ஜெர்மானியக் கணித மேதை கார்ல் வையர்ஸ்டிராஸ், ஆண்டு 1841. குறி பிறந்து இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. தொலைவு என்னும் எண்ணமோ மனிதன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறது.

நீங்கள் ஒரு தெருவில் நடந்து செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் நடுவில் தோழி வீடு. நடக்க நடக்க அவள் வீட்டுக்கும் உங்களுக்கும் உள்ள தொலைவு குறைகிறது. வாசலில் நிற்கும்போது தொலைவு சுழியம். நிற்காமல் தாண்டிப் போனால் தொலைவு கூடுகிறது. குறைந்தது எங்கே கூடத் தொடங்கியது? அவள் வாசலில்! அதுதான் திருப்புமுனை. எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்காமலே நம் கால்களுக்குத் தெரிந்த செய்தி இது. 2ப − 3 சுழியமாவது ப = 1½ ஆகும்போது. ஆகவே வாசல் 1½-இல் இருக்கிறது. நாங்கள் 1-இலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 2-க்குத் தாவிவிட்டோம். நடுவில் இருந்த வீட்டைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். −1-இல் 5, 0-இல் 3, 1-இல் 1. ஒவ்வோர் அடிக்கும் இரண்டு இரண்டாக இறங்கி வந்த கோடு, 1-க்கும் 2-க்கும் நடுவில் திடீரென்று ஓய்வெடுத்துக்கொள்ளுமா? அட்டவணையே எங்களை எச்சரித்திருக்கிறது. அளவுகோலை எடுக்கும் அவசரத்தில் அது காதில் விழவில்லை.

இனி, பலருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறோம். எங்களில் சிலர் மாலையில் தனிப்பயிற்சிக்குச் செல்கிறோம். அங்கே சொல்லிக்கொடுத்த வாய்பாடு இது: “உள்ளே மாறும், வெளியே மாறாது.” அதாவது, |ப − 4| + 7 என்றால் உள்ளே உள்ள −4-ஐக் குறி மாற்றி 4 என்றும், வெளியே உள்ள 7-ஐ அப்படியே 7 என்றும் எடுத்துக்கொண்டால் திருப்புமுனை (4, 7). விடை சரி, மந்திரம் போல வேலை செய்கிறது. ஒரு வாரம் நாங்கள் இதை விளையாட்டு மைதானத்தில் பாடிக்கொண்டே திரிந்தோம்.

ஆனால் |2ப + 6| − 4 என்று கொடுத்துப் பாருங்கள். மந்திரத்தின்படி (−6, −4) என்று வரும். உண்மையில் 2ப + 6 சுழியமாவது −3-இல். ஆகவே (−3, −4). சரி, முன்னால் இருக்கும் 2-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மந்திரத்துக்கு ஒரு வால் ஒட்டினோம். அடுத்து |3 − ப| வந்தது. 3-ஐக் குறி மாற்றினால் −3. தப்பு! 3 − ப சுழியமாவது 3-இல்தான். இங்கே குறி மாறவே இல்லை. இதற்கு இரண்டாவது வால். இப்படி ஒட்டிக்கொண்டே போனால் மந்திரம் பட்டமாகிவிடும், வால்தான் மிஞ்சும். ‘உள்ளே எப்போது சுழியம்?’ என்னும் கேள்விக்கோ வால் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று கணக்கிலும் அதே கேள்வி, அதே நிதானம். உள்ளே சுழியமாகும்போது கம்பிகளுக்கு வெளியே எஞ்சி நிற்பது எதுவோ அதுவே ம-வின் மதிப்பு. 5 − |ப − 2| என்றால் 2-இல் எஞ்சுவது 5. முன்னால் குறைக் குறி இருப்பதால் படம் கவிழ்ந்து மலைச் சிகரம்போல் நிற்கும். (2, 5) அதன் உச்சி.

“தேர்வில் நேரம் ஏது? மந்திரம்தான் கைகொடுக்கும்” என்று எங்களுக்குள்ளேயே சிலர் வாதிட்டனர். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்து வினாவில் எட்டு வினா மந்திரத்துக்கு அடங்குபவைதாம். ஆனால் மந்திரம் பொய்க்கும்போது அது பொய்த்துவிட்டது என்று நமக்கு யார் சொல்வார்கள்? (−6, −4) என்று எழுதியவள் மனநிறைவோடு அடுத்த வினாவுக்குப் போய்விடுவாள். சுழியம் எங்கே என்று கேட்பவளோ, −6-ஐப் போட்டுப் பார்த்து, உள்ளே −6 அல்லவா வருகிறது என்று அங்கேயே திருத்திக்கொள்வாள். நேரம் என்னவோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து, “இதற்கா இவ்வளவு பாடு? வகைக்கெழுவைக் கண்டு சுழியத்துக்குச் சமப்படுத்துங்கள், திருப்புமுனை தானே வரும்” என்றார். நாங்களும் மரியாதையோடு நோட்டை நீட்டினோம். இடப்பக்கம் சாய்வு −2. வலப்பக்கம் சாய்வு +2. சுழியம் எங்கும் இல்லை! அக்கா சிறிது நேரம் பேனாவைக் கடித்தார். வளைந்து திரும்பும் பரவளையத்துக்கு அந்த முறை பொருந்தும். அங்கே கோடு திரும்பும் முன் ஒரு கணம் மட்டமாகிறது. மட்டு வரைபடமோ மட்டமாகாமலே திரும்பிவிடுகிறது. கூர்முனையில் வகைக்கெழுவே கிடையாது. அக்கா பெருந்தன்மையானவர். “இதை நான் யோசிக்கவே இல்லையே” என்று சொல்லிவிட்டு எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

கைபேசியில் வரைந்து பார்த்தால் போகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. வீட்டில் அண்ணனின் கைபேசியில் |ப − 250| என்று ஒருத்தி போட்டுப் பார்த்தாள். திரையில் −10 முதல் 10 வரைதான் தெரிந்தது. அதில் ஒரு சாய்ந்த நேர்க்கோடு மட்டுமே இருந்தது. முனை 250-இல் ஒளிந்திருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால்தான் கருவியும் காட்டும்.

“எல்லாம் சரி, இதனால் உலகில் யாருக்கு என்ன பயன்?” என்று வீட்டில் பாட்டி கேட்பார். பாட்டிக்காகவே ஒரு கணக்கு. ஒரே தெருவில் மூன்று வீடுகள். தெருமுனையிலிருந்து முறையே 10, 30, 80 மீட்டர். ஒரே ஒரு குழாய் போட வேண்டும். மூன்று வீட்டுப் பெண்களும் குடத்தோடு நடக்கும் தொலைவை எல்லாம் கூட்டினால், அது மிகக் குறைவாக இருக்க வேண்டும். குழாயை எங்கே வைப்பது?

எங்களில் பெரும்பாலோர் சராசரி எடுத்தோம். 10 + 30 + 80 = 120; மூன்றால் வகுத்தால் 40. அங்கே வைத்தால் நடை 30 + 10 + 40 = 80 மீட்டர். நடு வீட்டு வாசலில், அதாவது 30-இல் வைத்தால்? 20 + 0 + 50 = 70 மீட்டர்தான்! சராசரி தோற்றுவிட்டது. காரணம் வரைபடத்தில் தெரிகிறது. ம = |ப − 10| + |ப − 30| + |ப − 80| என்பதற்கு உள்ளே சுழியமாகும் இடங்கள் மூன்று. 10-க்கு முன் கோடு மீட்டருக்கு மூன்று மூன்றாக இறங்குகிறது. 10-ஐத் தாண்டியதும் ஒன்று ஒன்றாக இறங்குகிறது. 30-ஐத் தாண்டியதும் ஒன்று ஒன்றாக ஏறத் தொடங்குகிறது. 80-க்கு அப்பால் மூன்று மூன்றாக ஏறுகிறது. மூன்று இடத்திலும் கோடு முறிகிறது. ஆனால் இறக்கம் ஏற்றமாக மாறும் இடம் ஒன்றே, அது நடு வீட்டு வாசல். கடைசி வீட்டார் 80 மீட்டரிலிருந்து 800 மீட்டருக்குக் குடிபெயர்ந்தாலும், மொத்த நடை குறைய வேண்டுமென்றால் குழாய் 30-ஐ விட்டு நகராது. (அந்த வீட்டுக்கு இது நியாயமா என்று பாட்டி கேட்டார். நல்ல கேள்வி. அது வேறு கணக்கு.)

இதே எண்ணத்தால் உலகத்தின் வடிவத்தையே ஆராய்ந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சிஸ்டர் சொன்னபோது நாங்கள் வியந்தோம். அவர் ரோஜர் போஸ்கோவிச். 1711-இல், இன்று குரோவேஷிய நாட்டில் உள்ள டுப்ராவ்னிக் நகரில் பிறந்த இயேசு சபைக் குரு. பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில், 1750 முதல், கிறிஸ்டோபர் மேர் என்னும் மற்றொரு இயேசு சபைக் குருவுடன் ரோமுக்கும் ரிமினிக்கும் இடையே மலையும் காடும் ஏறி இறங்கி, பூமியின் தீர்க்கக் கோட்டின் ஒரு பகுதியை அளந்தார். பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்பதே கேள்வி. வெவ்வேறு நாடுகளில் அளந்த ஐந்து அளவுகள் அவர் கையில் இருந்தன. ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எந்த ஒரு கோட்டிலும் ஐந்தும் அடங்கவில்லை. எதைத் தள்ளுவது, எதைக் கொள்ளுவது?

1757-இல் அவர் கொடுத்த வழி இது. கூடுதலான பிழைகளின் கூட்டுத்தொகையும் குறைவான பிழைகளின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்க வேண்டும். குறியைப் பாராமல் எல்லாப் பிழைகளையும் கூட்டினால் அது மிகக் குறைந்ததாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கோட்டை எப்படிக் கண்டார்? ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு கோட்டை மெல்ல மெல்லத் திருப்பினார். கூட்டுத்தொகை குறைவது நின்று கூடத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். எங்கள் குழாய்க் கணக்கேதான்! வையர்ஸ்டிராஸின் கம்பிக் குறி பிறக்க இன்னும் எண்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தன. குறி இல்லாமலே முனையைக் கண்டார். பின்னர் 1805-இல் பிரான்சு நாட்டு லெஜாந்திர் பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டும் முறையை வெளியிட்டார். வர்க்கத்துக்கு வகைக்கெழு எளிதாக வரும், கூர்முனைத் தொல்லை இல்லை என்பதால் உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அக்காவின் கட்சிக்கு வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் தோழியிடம் திரும்புவோம். குழாய்க் கணக்கில் மூன்று வீட்டுக்குப் பதில் இரண்டு வீடு இருந்தால் என்னாகும் என்று கேட்டவள் அவள்தான். 1-இல் ஒரு வீடு, 2-இல் ஒரு வீடு. ம = |ப − 1| + |ப − 2|. குழாயை இரண்டுக்கும் நடுவில் எங்கே வைத்தாலும் இருவர் நடையும் சேர்ந்து 1-தான். ஒருத்திக்குக் குறைவது மற்றவளுக்குக் கூடுகிறது. அட்டவணை போட்டாள். −1, 0, 1, 2, 3, 4 என்று கொடுத்ததும் 5, 3, 1, 1, 3, 5 என்று வந்தது. எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, பையிலிருந்து காலாண்டு விடைத்தாளை எடுத்தாள். அதே ஆறு எண்கள்! புள்ளிகளை இணைத்தாள். அடி தட்டையான அதே அண்டா. இம்முறை அண்டாதான் சரி.

இரண்டு வெவ்வேறு சார்புகள். முழு எண் எதைக் கொடுத்தாலும் இரண்டும் ஒரே மதிப்பையே தருகின்றன. நூறு முழு எண்களைக் கொண்டு அட்டவணை போட்டாலும் இது எது, அது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1½-இல் மட்டும் நின்று பார்த்தால் ஒன்று சுழியம் என்கிறது, மற்றது ஒன்று என்கிறது. “புள்ளி எல்லாம் சரி, படம் மட்டும் எப்படித் தப்பாகும்?” என்று அவள் கேட்டாளே, அதற்கு விடை அவள் கையாலேயே வந்தது. அவள் வரைந்தது தப்பான படமே அன்று. கேட்கப்படாத வேறொரு வினாவுக்குச் சரியான விடை.

மறுநாள் சிஸ்டரிடம் காட்டினாள். சிஸ்டர் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதைக் கரும்பலகையில் போடும்மா, எல்லாரும் பார்க்கட்டும்” என்றார். மதிப்பெண் கூடவில்லை. பிரிவு மாற்றக் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை அவள் கொடுக்கவும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வினாத்தாளில் ‘வரைபடம் வரைக’ என்று மட்டும் கேட்காமல், ‘திருப்புமுனையைக் கண்டு, பின் வரைபடம் வரைக’ என்று கேட்டு, அந்த முனைக்கென்று ஒரு மதிப்பெண் ஒதுக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்காகவாவது எங்களைப் போன்றவர்கள் அளவுகோலை எடுக்குமுன் உள்ளே எங்கே சுழியம் என்று பார்ப்போம்.

தோழியரே, போகுமுன் உங்களுக்கு ஒரு கணக்கு. அதே தெருவில் 10, 30, 50, 80 மீட்டரில் நான்கு வீடுகள். குழாயை எங்கே வைப்பீர்கள்? இடம் ஒன்றா, பலவா? விடை கண்டவர்கள் உணவு இடைவேளையில் எங்கள் வகுப்பறைக்கு வாருங்கள். வேப்ப மரத்தடியில் இல்லாவிட்டால் உள்ளேதான் இருப்போம்.